இருவழி அட்டவணை: எந்த மொத்தத்தால் வகுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் புள்ளியியலில் தொடங்கி நர்சிங், உளவியல், எம்பிஏ ப்ராஜெக்ட் வரைக்கும் இருவழி அட்டவணை வந்துகொண்டே இருக்கும். போடுவது சுலபம், வாசிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சறுக்குகிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை எந்த மொத்தத்தால் வகுப்பது? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து தொடுகின்றன.

உதாரணத்துக்கு டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொள்கிறேன். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் அது மூழ்கியபோது கப்பலில் இருந்தவர்களை வகுப்பு, பால், வயது, பிழைத்தாரா இல்லையா என்று பிரித்துக் காட்டும் ஒரு பட்டியல் புள்ளியியல் வகுப்புகளில் புகழ்பெற்றது. பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் விசாரணையை ஒட்டிய கணக்கு அது. மொத்தம் 2201 பேர். வேறு பட்டியல்களில் எண்கள் கொஞ்சம் மாறும். ஆர் மென்பொருளை நிறுவினால் இந்தப் பட்டியல் அதோடு சேர்ந்தே வந்துவிடும், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இருவழி அட்டவணை என்றால் என்ன?

ஒரே ஆட்களைப் பற்றி நமக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். இரண்டுமே வகைகளாகப் பிரியக்கூடியவை: ஆண் அல்லது பெண், தேர்ச்சி அல்லது தோல்வி, முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு. ஒன்றின் வகைகளை இடப்பக்கம் கீழ்நோக்கியும் மற்றதின் வகைகளை மேலே வரிசையாகவும் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று எண்ணிப் போட்டால் இருவழி அட்டவணை தயார். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் பழகியவர்கள் இதைத்தான் கிராஸ்டேப் என்பார்கள்.

| | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

ஒவ்வொருவரும் ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்க வேண்டும். கட்டத்தில் இருப்பது தலை எண்ணிக்கையாக இருக்க வேண்டும், சதவீதமாகவோ சராசரியாகவோ அல்ல. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் பின்னால் வரும் கணக்கு எதுவும் செல்லும்.

ஓரத்தில் இருக்கும் மொத்தங்கள் எதற்கு?

வலது ஓரம் வகுப்பை மட்டும் சொல்கிறது: கப்பலில் எந்த வகுப்பில் எத்தனை பேர். அடி ஓரம் முடிவை மட்டும் சொல்கிறது: 2201 பேரில் 711 பேர், அதாவது 32.3 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஓரங்கள் சொல்லாது, அது உள்ளே இருக்கும் எட்டுக் கட்டங்களில் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு ஓரங்கள்தான் அளவுகோல்.

நிரைச் சதவீதமா, நிரல் சதவீதமா? எப்போதும் குழம்புகிறது.

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நிரை என்பது இடமிருந்து வலமாகப் போகும் வரிசை, நிரல் என்பது மேலிருந்து கீழாக இறங்கும் வரிசை.

ஊழியர் நிரையில் 212 என்று இருக்கிறது. அதை நிரையின் மொத்தமான 885-ஆல் வகுத்தால் 24.0 சதவீதம். ஊழியர்களில் நூற்றுக்கு 24 பேர் பிழைத்தார்கள் என்று பொருள். அதே 212-ஐ நிரலின் மொத்தமான 711-ஆல் வகுத்தால் 29.8 சதவீதம். பிழைத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் ஊழியர்கள் என்று பொருள். மொத்தக் கூட்டமான 2201-ஆல் வகுத்தால் 9.6 சதவீதம்: கப்பலில் இருந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், ஊழியராகவும் இருந்து பிழைத்தும் வந்தார்கள். மூன்றுமே சரியான கணக்குதான். மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

இப்போது எல்லா நிரையையும் நிரை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் வகுப்பு 62.5, இரண்டாம் வகுப்பு 41.4, மூன்றாம் வகுப்பு 25.2, ஊழியர் 24.0. கடைசி இடத்தில் ஊழியர். நிரல் மொத்தத்தால் வகுத்தால்? பிழைத்தவர்களில் முதல் வகுப்பு 28.6, இரண்டாம் வகுப்பு 16.6, மூன்றாம் வகுப்பு 25.0, ஊழியர் 29.8. இங்கே முதலிடம் ஊழியருக்கு!

ஒரே எண்களிலிருந்து ஒரு பத்திரிகை "பிழைத்தவர்களில் ஊழியர்களே அதிகம்" என்று தலைப்புப் போடலாம், இன்னொன்று "ஊழியர்களே மிக அதிக விகிதத்தில் பலி" என்று போடலாம். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் முதல் தலைப்பைப் படிக்கிறவர், ஊழியர்கள் முந்திக்கொண்டு படகேறினார்கள் என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்த 29.8-க்குக் காரணம் கப்பலில் ஊழியர்கள் ஏராளமாக இருந்ததுதான்: 2201 பேரில் 885 பேர், 40 சதவீதம்.

எதை எடுப்பது என்று முடிவுசெய்ய ஒரு வழி இருக்கிறது. எது முன்னால் நிகழ்ந்தது, எது அதன் பிறகு வந்த விளைவு என்று கேளுங்கள். வகுப்பு முன்னால், பிழைப்பது பின்னால். முன்னால் வருவதன் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக 100 வரும்படி வகுங்கள். அப்போதுதான் அளவில் வேறுபட்ட குழுக்களை நியாயமாக ஒப்பிட முடியும்.

மூன்றாம் வகுப்பின் 25.2, ஊழியரின் 24.0 இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவற்றுக்குத் திரும்ப வருவோம்.

எந்த மாறியை நிரையில் வைக்க வேண்டும் என்று விதி உண்டா?

கிடையாது. மாறி என்பது வகுப்பு, பிழைப்பு போல ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். முன்னால் வரும் மாறியை நிரையில் வைப்பது பலருடைய வழக்கம், திருப்பி வைத்தாலும் கை-வர்க்க மதிப்பு (தொடர்பைச் சோதிக்கும் எண், கீழே வருகிறது) மாறாது. மறக்கக் கூடாதது ஒன்றுதான்: சதவீதம் எந்தத் திசையில் 100 ஆகிறது என்பதை அட்டவணையிலேயே காட்டிவிட வேண்டும். கடைசி நிரலில் "100" என்று எழுதிவிட்டால் படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

"தொடர்பு இல்லை" என்றால் அட்டவணை எப்படி இருக்கும்?

எல்லா நிரையிலும் சதவீதம் ஒரே மாதிரி இருக்கும். கப்பலில் மொத்தமாக 32.3 சதவீதம் பேர் பிழைத்தார்கள். வகுப்புக்கும் பிழைப்பதற்கும் தொடர்பே இல்லையென்றால் முதல் வகுப்பிலும் அதே 32.3, மூன்றாம் வகுப்பிலும் அதே 32.3 வந்திருக்க வேண்டும்.

அப்படி நடந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் எதிர்பார்க்கப்படும் அலைவெண். நிரை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி, மொத்தக் கூட்டத்தால் வகுக்க வேண்டும். முதல் வகுப்புக்கு 325 × 711 ÷ 2201 = 105.0. பிழைத்தவர்களோ 203. ஊழியருக்கு 885 × 711 ÷ 2201 = 285.9. பிழைத்தவர்கள் 212. இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை: 711 ÷ 2201 என்பது மொத்தப் பிழைப்பு விகிதம், அதை அந்தக் குழுவின் ஆள் எண்ணிக்கைக்குப் பொருத்துகிறோம், அவ்வளவுதான்.

கை-வர்க்கச் சோதனை என்ன செய்கிறது?

கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியை எல்லாக் கட்டத்திலும் அளந்து, ஒரே எண்ணாகக் கூட்டித் தருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும்.

முதல் வகுப்பில் பிழைத்தவர் கட்டத்தில் வித்தியாசம் 98. அதன் வர்க்கத்தை 105-ஆல் வகுத்தால் 91.5 அளவில் வருகிறது. அதே நிரையில் இறந்தவர் கட்டத்தில் எதிர்பார்ப்பு 220, அங்கே 43.7. எட்டுக் கட்டங்களையும் கூட்டினால் 190.4.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 190.4-இல் 135-க்கு மேல் முதல் வகுப்பு நிரையிலிருந்து மட்டும் வருகிறது. அடுத்தது ஊழியர் நிரை, 28. மூன்றாம் வகுப்பு 16, இரண்டாம் வகுப்பு 11. "தொடர்பு உண்டு" என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் கட்டம் இந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது: எல்லாவற்றையும்விட முதல் வகுப்பின் அனுகூலம்தான் இந்த அட்டவணையில் பெரிய செய்தி. மொத்த எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகும் ப்ராஜெக்ட் அறிக்கைகள் இந்தச் செய்தியைத் தவறவிடுகின்றன.

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் ஏன் 3? கட்டங்கள் எட்டு இருக்கின்றனவே?

கை-வர்க்க எண் பெரியதா சிறியதா என்று தீர்மானிக்க, அட்டவணையில் எத்தனை கட்டங்களை நம் இஷ்டத்துக்கு நிரப்ப முடியும் என்ற எண்ணிக்கை வேண்டும். அதுதான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம். ஓர மொத்தங்களை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் எண்களை அழித்துவிடுங்கள். முதல் வகுப்பில் பிழைத்தவர் 203 என்று நிரப்பினால், இறந்தவர் 122 தானாக வந்துவிடும். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புக்கும் அப்படியே. மூன்று எண்களை எழுதியதுமே ஊழியர் நிரையும் தீர்மானமாகிவிடும், ஏனென்றால் கீழே 711 வந்தாக வேண்டும். நம் இஷ்டத்துக்கு எழுத முடிந்தவை மூன்றே. நிரைகளில் ஒன்று குறைத்து, நிரல்களில் ஒன்று குறைத்துப் பெருக்குவது இதனால்தான்: 3 × 1.

கார்ல் பியர்சன் 1900-இல் இந்தச் சோதனையைத் தந்தபோது, இந்த மாதிரி அட்டவணைகளுக்கு இந்த எண்ணிக்கையைக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் அவர் கணக்குப்படி 3. இல்லை, 1 தான் என்று 1922-இல் நிறுவியவர் ரொனால்டு ஃபிஷர். ஆக, முதல் நாளில் இது புரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3 என்றால், 5 சதவீத மட்டத்தில் புள்ளியியல் அட்டவணை தரும் எல்லை மதிப்பு 7.815: தொடர்பே இல்லாதபோது, தற்செயலாக இதைத் தாண்ட 5 சதவீத வாய்ப்புதான். நமக்கு வந்தது 190.4.

பி மதிப்பு மிகச் சிறியது என்றால் தொடர்பு மிக வலுவானது என்று அர்த்தமா?

இல்லை. இரண்டு மாறிகளுக்கும் தொடர்பே இல்லாத நிலையில், வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய இடைவெளியோ இதைவிடப் பெரியதோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அதில் தொடர்பின் வலுவும் இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கையும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது.

எல்லாக் கட்டத்தையும் பத்தால் பெருக்குங்கள். ஒரு சதவீதம்கூட மாறாது, கை-வர்க்கம் மட்டும் 1904 ஆகிவிடும். மாறாக, இதே சதவீதங்களோடு 70 பேர் மட்டும் இருந்திருந்தால் அது 6 அளவில்தான் வந்திருக்கும். 7.815-ஐத் தொடாது, "தொடர்பு நிறுவப்படவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும். அதனால் வலுவைச் சொல்லத் தனியாக ஓர் எண் வேண்டும். கிராமரின் வி என்பது வழக்கமான தேர்வு: கை-வர்க்கத்தை ஆள் எண்ணிக்கையாலும், நிரை நிரல் இரண்டில் சிறியதில் ஒன்று குறைத்து வருவதாலும் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இங்கே 190.4 ÷ 2201-இன் வர்க்கமூலம், 0.29. பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. ஆனால் என் கருத்தில், 62.5, 41.4, 25.2, 24.0 என்ற நான்கு சதவீதங்களும் எந்த ஒற்றை எண்ணையும்விட நேராகப் பேசுகின்றன. வி-யைப் போடுங்கள், சதவீதங்களை அதற்கு முன்னால் போடுங்கள்.

இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஆட்ஸ் விகிதம் என்கிறார்களே, அது என்ன?

டைட்டானிக்கையே பால் வாரியாகப் பிரிப்போம். பெண்கள் 470 பேரில் 344 பேர் பிழைத்தார்கள், 126 பேர் இறந்தார்கள். ஆண்கள் 1731 பேரில் 367 பேர் பிழைத்தார்கள், 1364 பேர் இறந்தார்கள். பிழைப்பு விகிதம் பெண்களுக்கு 73.2 சதவீதம், ஆண்களுக்கு 21.2.

இதை மூன்று விதமாகச் சொல்லலாம். கழித்தால் 52 சதவீதப் புள்ளி வித்தியாசம். வகுத்தால் பெண்களின் விகிதம் ஆண்களைப் போல 3.45 மடங்கு. ஆட்ஸ் என்பது பிழைத்தவரை இறந்தவரால் வகுப்பது: பெண்களுக்கு 344 ÷ 126 = 2.73, ஆண்களுக்கு 367 ÷ 1364 = 0.27. இந்த இரண்டின் விகிதம் ஏறத்தாழ 10.

இந்தப் பத்தை வைத்துக்கொண்டு "பெண்கள் பிழைக்கும் வாய்ப்பு பத்து மடங்கு" என்று எழுதுவது பெரிய பிழை. வாய்ப்பு 3.45 மடங்குதான். நிகழ்வு மிக அரிதாக இருக்கும்போது மட்டும் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

அப்படியானால் ஆட்ஸ் விகிதம் எதற்கு? வெறும் விகிதமே போதாதா?

போதாத இடம் ஒன்று உண்டு. புகைபிடிப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மருத்துவமனைகளில் புற்றுநோய் உள்ள ஆண்கள் 649 பேரையும், ஒப்பீட்டுக்காக அந்நோய் இல்லாத ஆண்கள் 649 பேரையும் எடுத்து, புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். நோயுள்ளவர்களில் 647 பேர் புகைப்பவர்கள், 2 பேர் புகைக்காதவர்கள். நோயில்லாதவர்களில் 622 பேர் புகைப்பவர்கள், 27 பேர் புகைக்காதவர்கள்.

முன்னால் வருவது புகை, பின்னால் வருவது நோய். நான் மேலே சொன்னபடி புகைப்பவர்களின் மொத்தத்தால் வகுத்தால் 647 ÷ 1269 = 51 சதவீதம். புகைப்பவர்களில் பாதிப்பேருக்கு நுரையீரல் புற்றுநோயா? நிச்சயமாக இல்லை. நோயாளிகளும் மற்றவர்களும் சரிபாதி இருக்கும்படி ஆய்வாளர்களே ஆட்களை எடுத்ததால் வந்த எண் அது. ஒப்பீட்டுக் குழுவை இரண்டு மடங்காக எடுத்திருந்தால் அந்த 51 கீழே இறங்கியிருக்கும். ஆக, வகுக்கும் முன் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்த ஓர மொத்தம் இயல்பாக அமைந்ததா, ஆய்வாளர் நிர்ணயித்ததா? நிர்ணயித்த திசையில்தான் சதவீதம் எடுக்க முடியும். இங்கே நோயுள்ளவர்களில் புகைக்காதவர் 0.3 சதவீதம், நோயில்லாதவர்களில் 4.2 சதவீதம் என்று சொல்லலாம். அதற்குமேல் போக முடியாது.

ஆட்ஸ் விகிதம் மட்டும் இந்தச் சிக்கலில் மாட்டாது. எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒரே விடை: 647 × 27 ÷ (2 × 622) = 14. மருத்துவ ஆய்வுகளில் அது இவ்வளவு அடிபடுவதற்கு இதுவே முக்கியமான காரணம். நுரையீரல் புற்றுநோய் மொத்த மக்களில் அரிது என்பதால் அந்த 14-ஐ ஏறத்தாழ அத்தனை மடங்கு ஆபத்து என்று வாசிப்பதிலும் இங்கே தவறில்லை.

குழுவைப் பிரித்தால் முடிவு தலைகீழாகிறது என்கிறார்களே, நிஜமாகவா?

நிஜம்தான். நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு எண்களுக்கு வருவோம். மூன்றாம் வகுப்புப் பயணிகளில் 25.2 சதவீதம், ஊழியர்களில் 24.0 சதவீதம். மூன்றாம் வகுப்பு ஒரு படி மேல் என்றுதான் தோன்றும். இப்போது ஆண், பெண் என்று பிரிக்கலாம்.

| | ஆண்கள் | பெண்கள் |
|---|---|---|
| மூன்றாம் வகுப்பு | 510-இல் 88 (17.3%) | 196-இல் 90 (45.9%) |
| ஊழியர் | 862-இல் 192 (22.3%) | 23-இல் 20 (87.0%) |

ஆண்களை மட்டும் பார்த்தால் ஊழியர் மேல். பெண்களை மட்டும் பார்த்தாலும் ஊழியர் மேல். சேர்த்துப் பார்த்தால் மட்டும் மூன்றாம் வகுப்பு மேல்! கணக்கில் தவறு ஏதும் இல்லை, 88-ஐயும் 90-ஐயும் கூட்டினால் அதே 178 வருகிறது.

காரணம் கலவையில் இருக்கிறது. அந்த இரவில் படகுகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை இருந்தது. மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 28 பேர் பெண்கள், ஊழியர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மூன்றாம் வகுப்பின் சராசரியைப் பெண்கள் தூக்கிவிட்டார்கள். ஊழியர்களிலும் இதே அளவு பெண்கள் இருந்து, தங்கள் பாலுக்குரிய விகிதத்தில் பிழைத்திருந்தால் ஊழியரின் மொத்த விகிதம் 40 சதவீதத்தைத் தொட்டிருக்கும். (வெறும் 23 பெண்களின் விகிதத்தை வைத்துச் சொல்வதால் இந்த 40-ஐ மிகவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.)

எட்வர்டு சிம்ப்சன் 1951-இல் எழுதிய கட்டுரையால் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே உட்னி யூல் இதைக் கவனித்திருந்தார்.

இது கப்பலுக்கு மட்டும் பொருந்தும் அபூர்வமா?

இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கணக்கு இன்னும் பிரபலம். மிகப் பெரிய ஆறு துறைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்கள் 2691 பேரில் 1198 பேருக்கு இடம் கிடைத்தது, 44.5 சதவீதம். பெண்கள் 1835 பேரில் 557, அதாவது 30.4 சதவீதம். பார்த்த மாத்திரத்தில் பாரபட்சம் என்றுதான் சொல்லத் தோன்றும். துறைவாரியாகப் பிரித்தால், ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதம்தான் அதிகம். முதல் துறையில் ஆண்கள் 62.1, பெண்கள் 82.4. மீதி இரண்டில் ஆண்கள் சில புள்ளிகள் மேல்.

ஆண்களில் பாதிப்பேருக்கு மேல், சுலபமாக இடம் கிடைக்கும் முதல் இரண்டு துறைகளுக்கே விண்ணப்பித்திருந்தார்கள். பெண்களில் அங்கே போனவர்கள் 7 சதவீதம்தான். மற்றவர்கள் நெரிசலான துறைகளின் வாசலில் நின்றார்கள்.

எந்த அட்டவணையை நம்புவது? சேர்க்கையை முடிவு செய்வது துறை, ஆகவே துறைகள் பாரபட்சம் காட்டினவா என்ற கேள்விக்குத் துறைவாரி அட்டவணைதான் பதில் சொல்லும். பெண்கள் ஏன் நெரிசலான துறைகளுக்கே போனார்கள் என்பது வேறு கேள்வி, கனமான கேள்வியும்கூட. அதற்கான பதில் இந்த எண்களுக்குள் இல்லை. மூன்றாவது மாறி ஒன்று கிடைத்தால் உடனே அதன்படி பிரித்துவிட வேண்டும் என்றும் விதி கிடையாது. அந்த மாறி நிகழ்வில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்த பிறகே பிரிப்பதா சேர்ப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

தொடர்பு உறுதியானால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லலாமா?

அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தரவு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. 1954-இல் அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனையின் ஒரு பகுதியில், எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு மருந்தில்லாத போலி ஊசி என்பது தற்செயல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. மருந்து பெற்ற 2,00,745 குழந்தைகளில் பக்கவாதப் போலியோ 33 பேருக்கு. போலி ஊசி பெற்ற 2,01,229 பேரில் 115 பேருக்கு. குழுக்களைப் பிரித்தது தற்செயல் என்பதால், அவற்றுக்குள் வேறு மறைந்த வித்தியாசம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே "தடுப்பூசிதான் காரணம்" என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டு பக்கமும் சதவீதம் 0.1-க்குக் கீழே என்பதையும் பாருங்கள். அரிய நோய்களில் லட்சத்துக்கு இத்தனை பேர் என்று எழுதினால்தான் கண்ணுக்குத் தெரியும்: லட்சத்துக்கு 16 எதிராக 57.

கட்டத்தில் 5-க்குக் குறைவாக இருந்தால் கை-வர்க்கம் கூடாதா?

5 என்ற எச்சரிக்கை எதிர்பார்க்கப்படும் அலைவெண்ணுக்கு உரியது, கண்ட எண்ணுக்கு அல்ல. இந்தக் குழப்பம் மிகப் பரவலானது. டைட்டானிக் ஊழியர்களில் இறந்த பெண்கள் 3 பேர் மட்டுமே. ஆனால் அந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு 17.5, ஆகவே தடையில்லை.

எதிர்பார்ப்பே சிறியதாக இருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போக வேண்டும். அதன் பின்னால் ஒரு தேநீர்க் கதை உண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஃபிஷர் வேலைபார்த்த காலத்தில், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே கண்டுபிடிப்பேன் என்றார் அங்கே இருந்த மியூரியல் பிரிஸ்டல். எட்டுக் கோப்பை, அவற்றில் நான்கு பால் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருக்கின்றன. குருட்டாம்போக்கில் சொல்லி நான்கையும் சரியாகப் பிடிக்க 70-இல் ஒரு வாய்ப்பு, 1.4 சதவீதம். தோராயம் எதுவும் இல்லாமல் வழிகளையே எண்ணிவிடுகிறோம். துல்லியம் என்ற பெயர் அதனால்தான்.

மென்பொருள் இரண்டு கை-வர்க்க எண்களைக் காட்டுகிறது. எதை எழுதுவது?

இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இப்படி வரும். டைட்டானிக்கின் பால் வாரி அட்டவணையில் சாதாரணக் கணக்கு 456.9, யேட்ஸ் திருத்தத்தோடு (கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் முறை) 454.5. ஆர் மென்பொருள் கேட்காமலேயே திருத்தியதைத் தரும். ஆட்கள் நிறைய இருந்தால் எதை எழுதினாலும் முடிவு மாறாது. எதை எழுதினீர்கள் என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

எந்தத் தரவை இந்த அட்டவணையில் போடவே கூடாது?

"எந்தெந்த செயலிகளைப் பயன்படுத்துகிறீர்கள்? பொருந்துவன எல்லாவற்றையும் டிக் செய்யவும்" என்ற கேள்வியின் பதில்களைப் போடக் கூடாது. ஒரே ஆள் மூன்று கட்டத்தில் உட்கார்ந்துவிடுவார், மொத்தம் ஆள் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு செயலிக்கும் ஆம் அல்லது இல்லை என்று தனித்தனி அட்டவணை போடலாம்.

பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று அதே ஆட்களை இரண்டு முறை கேட்டிருந்தால், முன் ஒரு நிரை, பின் ஒரு நிரை என்று போட்டுக் கை-வர்க்கம் செய்வதும் தவறு. அது 100 பேரை 200 பேராகக் காட்டும். முன்பு சொன்ன பதிலை நிரையிலும் பின்பு சொன்னதை நிரலிலும் வைத்து, மக்னெமர் சோதனை செய்ய வேண்டும். பதிலை மாற்றிக்கொண்டவர்களை மட்டுமே அது கணக்கில் எடுக்கும்.

சதவீதங்களை உள்ளிட்டுச் சோதனை செய்வதும் கூடாது. 40 பேரை நூறாகவோ, 2000 பேரை நூறாகவோ ஆக்கிவிட்டால், பி மதிப்பு எந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறது என்றே தெரியாது.

எக்செல்லில் எப்படிப் போடுவது?

ஒரு ஆளுக்கு ஒரு வரி என்ற கணக்கில் தரவை வையுங்கள். பைவட் டேபிளைத் திறந்து, ஒரு மாறியை நிரைக்கும் மற்றதை நிரலுக்கும் இழுத்து விடுங்கள், மதிப்புக்கு எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் நிரை மொத்தத்தின் சதவீதம், நிரல் மொத்தத்தின் சதவீதம், மொத்தக் கூட்டத்தின் சதவீதம் என்ற மூன்றும் தெரிவுகளாகவே இருக்கும். வெற்றுக் கட்டங்கள் தனி வகையாக வருகின்றனவா என்றும் பாருங்கள். பதில் சொல்லாதவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் மொத்தமே மாறிவிடும்.

அறிக்கையில் எப்படி எழுதுவது?

சதவீதம் முதலில், எதன் சதவீதம் என்பது அதோடு, சோதனை பிறகு, வலு கடைசியில். உதாரணமாக: "முதல் வகுப்புப் பயணிகளில் 62.5 சதவீதம் பேர் பிழைத்தனர் (325-இல் 203). இரண்டாம் வகுப்பில் 41.4 சதவீதம் (285-இல் 118), மூன்றாம் வகுப்பில் 25.2 சதவீதம் (706-இல் 178), ஊழியர்களில் 24.0 சதவீதம் (885-இல் 212). வகுப்புக்கும் பிழைத்தலுக்கும் தொடர்பு உண்டு: கை-வர்க்கம் 190.4, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, பி மதிப்பு 0.001-க்குக் கீழ், கிராமரின் வி 0.29. மூன்றாம் வகுப்புக்கும் ஊழியருக்கும் இடையிலான வரிசை, பால் வாரியாகப் பிரித்தால் தலைகீழாகிறது." அடுத்த பக்கத்தில் அந்தப் பிரித்த அட்டவணையை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.